விதைக்கிழங்கு மண்ணுக்குள் போவதற்கு முந்தைய ஆறு வாரம்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன சித்திரையில், கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு கூடையிலேயே முளைவிட்டிருந்ததைப் பார்த்து, கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டி அன்றைக்கே ஊன்றியிருக்கிறீர்கள். பாதி மண்ணிலேயே அழுகிப்போனது. மீதி நன்றாகத் தழைத்து வந்தும், தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவுக்குத்தான் கிழங்கு. இந்த வருடம் கடைக்கிழங்கு ஆகுமா, வெட்டலாமா முழுசாகப் போடலாமா, முளைகட்டுவது எப்படி, எப்போது நடுவது என்று கேட்கிறீர்கள்.

நானும் இதே மலையில் பல வருடமாக வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு போடுகிறவன். தொழு உரம் போட்டதாகவும், பார் பிடித்ததாகவும், களை எடுத்ததாகவும் சொல்கிறீர்கள். அதில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. குறை விதையில்தான். உருளையில் விளைச்சலின் பெரும்பங்கு நாம் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எங்கிருந்து வந்த கிழங்கு, அதற்கு என்ன வயது, எந்த வெளிச்சத்தில் முளைத்தது, வெட்டியிருந்தால் காயம் ஆறியதா? இந்த நாலும் சரியாக இருந்தால் மண்ணில் சின்னச் சின்னத் தவறு நடந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். அதனால் என் பதிலில் முக்கால்வாசி விதையைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் விதைக்கிழங்கு என்று சொன்னாலும் அது விதை இல்லை. மண்ணுக்கடியில் பருத்த தண்டு அது. அதன் மேல் இருக்கும் ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு. தக்காளி விதையில் தாய்ச்செடியின் நோய்கள் அவ்வளவாகப் பின்தொடர்ந்து வருவதில்லை. கிழங்கு தாயின் உடம்பிலேயே ஒரு துண்டு என்பதால், தாய்க்கு இருந்த வைரஸ், வாடல் நோய்க் கிருமி, தோலில் ஒட்டிய பூஞ்சாணம் எல்லாம் கூடவே வந்துவிடும். ஒரு செடியில் அசுவினி கடித்து இலைச்சுருள் வைரஸ் ஏறிவிட்டது என்றால், அந்தச் செடியின் கிழங்குகளை ஊன்றும்போது புதுச்செடி முளைக்கும் நாளிலிருந்தே நோயாளியாகத்தான் முளைக்கும். என்ன உரம் போட்டாலும் அது தேறாது.

கடைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஆக்ரா பக்கமிருந்தும் குஜராத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரி லாரியாகக் கிழங்கு இறங்குகிறது. அங்கிருந்து நம் ஊர் மளிகைக்கடைக்கு ஏறி வருவது எந்த ரகம், எத்தனை நாள் கோல்ட் ஸ்டோரேஜில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. சமதளத்துக் குளிர்காலத்துக்கு என்று உருவான ரகமாக இருந்தால் நம் மூடுபனியில் கருகல் நோய்க்கு முதல் பலி அதுதான். முளைக்காமல் இருப்பதற்காக மருந்து காட்டிய கிழங்காகவும் இருக்கலாம். அப்படிப்பட்டதில் கண் திறந்தாலும் முளை நோஞ்சானாகத்தான் வரும். உங்கள் கோலிக்குண்டுக் கிழங்குகளுக்கு இதில் எது காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தழைத்த செடியில் கிழங்கு இறங்காமல் போவது தெரியாத ரகத்திலும் வைரஸ் ஏறிய விதையிலும் நான் நிறையப் பார்த்தது.

இரண்டாவது காரணம் உங்கள் மண். நீலகிரிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில், இந்த மலைக்கு வந்த பயிர் உருளைக்கிழங்கு. நூறு வருடத்துக்கு மேல் நன்றாக விளைந்தது. 1961-இல் ஊட்டிக்குப் பக்கத்தில் விஜயநகரம் என்ற இடத்தில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் வேர்களில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது அங்கேதான். பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு குண்டூசித் தலை அளவுக்கு உருண்டு, செத்த பிறகு அதன் தோலே கெட்டியான கூடாகிவிடும். ஒரு கூட்டுக்குள் சில நூறு முட்டை. உருளைச்செடி இல்லாவிட்டால் அந்த முட்டைகள் இருபது வருடம்கூட மண்ணில் சும்மா கிடக்கும். உருளை வேரின் கசிவு பட்டால் விழித்துக்கொள்ளும். இதனால்தான் 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. பிறகு இமாச்சலத்திலும் இதே புழு தெரியவந்து, 2018-இல் அங்கிருந்தும் விதை அனுப்புவதற்குத் தடை போட்டார்கள். புழு வருகிற வழி விதைக்கிழங்கில் ஒட்டிய மண். ஒரு பிடி மண் போதும். உங்கள் அரை சென்ட் இன்றைக்குச் சுத்தமாக இருந்தால், எங்கிருந்தோ வந்த நாலு கிழங்குக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதும் கூடையில் முளைத்துக் கிடப்பதாகச் சொன்ன இரண்டு கிலோவையும் தரையில் ஊன்ற வேண்டாம். ஆசையாக இருந்தால் ஒரு சாக்கிலோ க்ரோ பேக்கிலோ தனியாகப் போட்டுப் பாருங்கள், ஆனால் அந்த மண்ணை அப்புறம் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

சரி, நல்ல விதைக்கு எங்கே போவது? ஊட்டி முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. தலைமையகம் சிம்லாவில். முத்தோரைக்குப் போய்க் கேளுங்கள், அல்லது கோத்தகிரித் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐந்து கிலோதான் வேண்டும் என்று சொல்லத் தயங்க வேண்டாம். அங்கே கிடைக்காவிட்டால், பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், விதைக்கென்றே தனியாகப் பயிர் வைக்கிற விவசாயி யாராவது இருப்பார். அவர் வயலைப் பூக்கும் பருவத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ரகம் என்று பார்த்தால், இங்கே எல்லோரும் போடுவது குஃப்ரி ஜோதி. 1968-இல் வெளியானது. வெள்ளைத் தோல், மேலோட்டமான கண், சமையலுக்கு அருமை. வந்த புதிதில் கருகல் நோயைத் தாங்கியது, இப்போது அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது. கிரிராஜும் பரவலாக இருக்கிறது. நூற்புழு இருக்கும் என்று சந்தேகமான மண்ணுக்குக் குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி போல அதை எதிர்க்கிற ரகங்கள் இருக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். குஃப்ரி என்பது சிம்லாவுக்கு அருகே உள்ள ஊர். இந்த நிறுவனம் அங்கேதான் ரகங்களை ஒட்டுச் சேர்க்கிறது, அதனால்தான் எல்லாப் பெயரிலும் அது வருகிறது.

எவ்வளவு வாங்குவது? வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டால், அரை சென்டில் நடைபாதை போக நூறு செடி தாராளமாக நிற்கும். ஒரு விதை 40 முதல் 50 கிராம், அதாவது ஏறக்குறைய கோழிமுட்டை அளவு. ஐந்து கிலோ போதும். கழிப்பதற்குச் சேர்த்து ஆறு கிலோவாக வாங்குங்கள்.

இனி வயது. தோண்டி எடுத்த கிழங்கு உடனே முளைக்காது. இரண்டு இரண்டரை மாதம் தூங்கும். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். நம் மலையில் மூன்று போகம் இருக்கிறதே, அதை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். சித்திரையில் போடும் கார்போகம் ஆவணி வாக்கில் வெட்டுக்கு வரும், அதன் விதை தை, மாசியில் போடும் நீர்போகத்துக்குத் தயாராக இருக்கும். நீர்போகத்தின் விதை ஆவணிக் கடைபோகத்துக்கு. கடைபோகத்தில் மார்கழியில் எடுத்தது அடுத்த சித்திரைக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிழங்கு தூங்கி எழுந்து முளைகட்ட மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை கிடைக்கிறது. ஆகவே உங்கள் சித்திரை நடவுக்கு மார்கழி வெட்டில் எடுத்த விதையாகப் பார்த்துக் கேளுங்கள். போன வாரம் தோண்டியதை வாங்கினால் கண்ணே திறக்காமல் மண்ணில் கிடந்து அழுகும். ஆறேழு மாதம் கிடந்து, சுருங்கி, நூல்நூலாக மெல்லிய முளை விட்டதும் ஆகாது. அது வலுவில்லாமல் முளைக்கும், சீக்கிரமே கிழடு தட்டிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒட்டிய மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். கழுவிய பிறகும் தோலில் கறுப்பு மண் ஒட்டியது போலவே இருந்தால், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தண்ணீரில் போகாமல் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது மண் இல்லை, கறுப்புச் செதில் நோயின் பூஞ்சாணம். சொரசொரப்பான தழும்பு இருந்தால் சொறி. இந்த இரண்டும் லேசாக இருந்தால், முளை வருவதற்கு முன்பே, லிட்டருக்கு 30 கிராம் போரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் போட்டு எடுத்து உலர்த்தலாம். முளைவிட்ட பிறகு இதைச் செய்தால் முளை கருகும். அப்படி நனைத்த கிழங்கைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். கண்ணோரம் சின்ன ஓட்டையும் புழுவின் எச்சமும் தெரிந்தால் கிழங்கு அந்துப்பூச்சி இறங்கியிருக்கிறது, அதைக் கழித்துவிடுங்கள்.

வாங்கியதில் இரண்டு மூன்று கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்க்காமல் நான் எந்த விதையையும் ஊன்றுவதில்லை. தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் ஓடியிருந்து, அழுத்தினால் அந்த வளையத்திலிருந்து வெள்ளைச் சீழ் போல் கசிந்தால், அது பழுப்பு அழுகல். செடியில் இதே கிருமிதான் வாடலாக வரும். ஒரு கிழங்கில் அப்படித் தெரிந்தாலும் அந்த மூட்டை முழுவதும் வேண்டாம். மனசு கேட்காதுதான், காசு கொடுத்து வாங்கியது. ஆனால் இந்தக் கிருமி மண்ணில் ஏறிவிட்டால் அப்புறம் தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் நிம்மதியாக வைக்க முடியாது.

இப்போது முளைகட்டுவது. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நடவுக்கு ஐந்தாறு வாரம் முன்னால் தொடங்குங்கள். சித்திரை மத்தியில் நடவு என்றால் பங்குனி பிறப்பதற்கு முன் விதை கையில் இருக்க வேண்டும். முட்டை அட்டை, பழைய தக்காளிப் பெட்டி, மூங்கில் தட்டு எது இருந்தாலும் போதும். கிழங்குகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கிழங்கின் ஒரு முனையில் கொடியிலிருந்து அறுந்த வடு இருக்கும், எதிர் முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். கண்கள் நெருங்கிய முனை மேலே பார்க்கட்டும். கண் இன்னும் திறக்கவில்லை என்றால் முதல் ஒரு வாரம், பத்து நாள் சாக்கு போர்த்தி, வீட்டுக்குள் கதகதப்பான மூலையில் வையுங்கள். கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நேர் வெயில் கூடாது. வடக்குப் பார்த்த ஜன்னலோரம், வராந்தாத் திண்ணை, கண்ணாடி வைத்த விறகுக் கொட்டகை, இப்படிப் பரவலான வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடம். மழைச்சாரலும் எலியும் எட்டக்கூடாது.

வெளிச்சம் ஏன் என்றால், இருட்டில் முளை வெளிச்சத்தைத் தேடி நீளும். அரை அடிக்கு வெள்ளையாக ஓடி, நடும்போது கை பட்டாலே ஒடிந்துவிடும். கிழங்கில் இருந்த சத்தையும் தின்றுவிட்டிருக்கும். வெளிச்சத்தில் அதே முளை ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்று, பச்சையும் ஊதாவுமாகக் குட்டையாகத் தடித்து இருக்கும். அடியில் வேர் வரும் புள்ளிகள் சின்னச் சின்னக் குமிழாகத் தெரியும். மண்ணில் விழுந்த சில நாளில் வேர் பிடிக்கும். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் ஏழை நாடுகளின் மலை விவசாயிகளிடம் பரப்பியதும் இதே பரவல் வெளிச்ச முறைதான். குளிர்சாதனம் இல்லாத இடத்தில் விதையைக் கெடாமல் வைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில் கிழங்கின் தோலும் பச்சையாகும். பயப்படாதீர்கள், விதைக்கு அது நல்லதே. தின்பதற்குத்தான் ஆகாது, அந்தப் பச்சையோடு சோலனின் என்ற நச்சும் கூடுகிறது.

வாரத்துக்கு ஒருமுறை தட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மெத்தென்று ஆனது, நாற்றம் வந்தது உடனே வெளியே போகட்டும். மற்றதெல்லாம் முளைத்து ஒன்று மட்டும் நூல் போல் முளைவிட்டால் அதுவும் வைரஸ் பிடித்ததாக இருக்கலாம், கழியுங்கள். சில கிழங்கு உச்சியில் ஒற்றை முளை மட்டும் விட்டு மற்றக் கண்களை அடக்கிவைத்திருக்கும். நடவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் அந்த ஒற்றை முளையைக் கிள்ளிவிடுங்கள். மூன்று நாலு கண் சேர்ந்து எழும். மூன்று நாலு தண்டு உள்ள செடிதான் வீட்டுச் சமையலுக்கு ஏற்ற நடுத்தரக் கிழங்கைத் தரும். ஒரே தண்டாக இருந்தால் கிழங்கு சிலதே இருக்கும், பெரிதாக இருக்கும். ஏழெட்டுத் தண்டு வந்தால் சின்னது சின்னதாகப் போய்விடும்.

வெட்டுவதா வேண்டாமா? முட்டை அளவு விதை கிடைத்தால் வெட்டவே வேண்டாம். முழுக்கிழங்கின் தோல் ஒரு கவசம், அதற்கு ஈடு எதுவும் இல்லை. பெரிய கிழங்கு மட்டுமே கிடைத்தது, 80, 100 கிராம் இருக்கிறது என்றால் நெடுக்காக, உச்சி முனையை இரண்டாகப் பிளப்பது போல் வெட்டுங்கள். அப்போது இரண்டு பாதிக்கும் நல்ல கண்கள் கிடைக்கும். ஒரு துண்டு 40 கிராமுக்குக் குறையக் கூடாது, இரண்டு மூன்று கண்ணாவது இருக்க வேண்டும். நீங்கள் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டியதில் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து கிராம்தான் இருந்திருக்கும். முளை மண்ணைத் தாண்டி வந்து இலை விரிக்கும் வரை அதற்குச் சோறு அந்தத் துண்டுதான். பத்து கிராம் சோற்றில் எத்தனை நாள் ஓடும்?

கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். வாடல் கிருமி கத்தி வழியாகத்தான் ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும். வெட்டியதை உடனே ஊன்றாதீர்கள். வெட்டிய முகம் மேலே இருக்கும்படி, நிழலில், கொஞ்சம் ஈரக்காற்று உள்ள இடத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் மேல் மட்டும் வறண்டு வெடிக்கும், காயம் ஆறாது. நிழலில் வைத்தால் வெட்டுமுகத்தில் தக்கை போல் மெல்லிய புதுத்தோல் படியும், விரலால் தடவினால் ஒட்டாது. அதுதான் அளவுகோல். ஒரு வருடம் கோடைமழை வருகிற மாதிரி இருந்தது என்று அவசரப்பட்டு, காலையில் வெட்டியதை மாலையில் ஊன்றினேன். இரவே மழை. இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் நாற்பதில் முப்பது துண்டு கூழாகியிருந்தது. அந்த வாசனையை இன்னும் மறக்கவில்லை. உங்கள் பாதி விதைக்கும் நடந்தது அதுதான். சாம்பல் தொட்டு வைப்பது பலருக்கும் வழக்கம். தொடலாம், ஆனால் மூன்று நாள் பொறுமைக்கு அது மாற்று ஆகாது.

எப்போது நடுவது என்பதில் உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரியில் தென்மேற்குப் பருவமழையின் வேகம் ஊட்டி, குந்தா பக்கத்தைவிடக் குறைவு, பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். அதனால் சித்திரையில் நட்டால் ஆனி ஆடி முழுக்க நனைந்து கிடக்கும் அவதி உங்களுக்கு அவ்வளவு இல்லை. இரண்டு கோடைமழை பெய்து மண் ஊறி, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அந்தப் பக்குவத்தில் நடுங்கள். சேறாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, தட்டில் இருக்கிற விதை காத்திருக்கும். கடைபோகம் கோத்தகிரியில் வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன், சரியாகக் கிழங்கு இறங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். கையில் தண்ணீர் இருந்தால் தை மாசி நடவு நல்லது. ஆனால் பள்ளத்து நிலமாக இருந்தால் உறைபனி முடிந்தபின் போடுங்கள். இளந்தழை ஒரே இரவில் கறுத்துவிடும்.

போன வருடம் வைத்த இடத்திலேயே மறுபடியும் வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய் நின்ற இடமும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். பீன்ஸ், முள்ளங்கி, பூண்டு, கோஸ் எது நின்ற பாத்தியும் சரி. அரை சென்டையும் மூன்றாகப் பிரித்து, உருளையை வருடா வருடம் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லையும் வெண்புழுவையும் பொறுக்கிவிட்டு, சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ நன்றாக மட்கிய தொழு உரம். மட்காத சாணம் போட்டால் சொறியும் வெண்புழுவும் சேர்ந்து வரும். நம் மண் புளிப்பு மண். உருளைக்குப் புளிப்பு பிடிக்கும், சொறி நோய்க்குப் பிடிக்காது. அதனால் சுண்ணாம்பு அள்ளிக் கொட்டாதீர்கள், அடுப்புச் சாம்பலும் கைப்பிடியோடு போதும். ஆனால் புளிப்பு மண் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குத் தராது. மலைக்கான அரசுப் பரிந்துரையே ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து அதற்கு இரண்டு மடங்காக 240 கிலோ என்று இருப்பது இதனால்தான். வீட்டுக்கு எலும்புத்தூளைப் பாத்தி முழுக்கத் தூவாமல், விதை விழும் சாலிலேயே ஒரு கைப்பிடி, கூடவே வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி, மீட்டருக்கு மீட்டர் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். விதை உரத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது. யூரியா வேண்டாம். தழை மட்டும் காடாக வளர்ந்து கிழங்கு இறங்காமல் போவதற்கு அது இன்னொரு காரணம்.

நடுவது சுலபம். சரிவுக்குக் குறுக்கே, நாலு விரல் ஆழத்துக்குச் சால் பறியுங்கள். முளை மேலே பார்க்க விதையை உட்கார வைத்து, முளை ஒடியாமல் கையாலேயே மண் தள்ளி, லேசாக மேடாக மூடுங்கள். மிதிக்க வேண்டாம். மண்ணில் ஈரம் இருந்தால் தண்ணீரும் வேண்டாம். செடி வெளியே வரும் வரை அதிக ஈரம் விதைக்கு விரோதி. முளைகட்டிய விதை இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் இரண்டு பக்கமும் மண் இழுத்து அணைக்க வேண்டும், பாதித் தண்டு மறையும் வரை. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. புதுக்கிழங்கு விதைக்குக் கீழே வருவதில்லை. விதைக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கவாட்டில் கொடி ஓடி, அதன் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. நீங்கள் மண் அணைத்ததாக எழுதவில்லை. அணைக்காவிட்டால் கொடி வெளியே வந்து இலையாகிவிடும், வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகிவிடும், அந்துப்பூச்சியும் அதில்தான் முட்டையிடும்.

கருகல் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. 1845-இல் அயர்லாந்தில் பஞ்சம் வரக் காரணமான அதே பின்கருகல்தான் நம் மூடுபனியிலும் வருகிறது. மூன்று நாள் வெயில் தெரியாமல் புகைமூட்டமாக இருந்தால், புள்ளி வருவதற்கு முன்பே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வந்த பிறகு தெளித்துக் காப்பாற்றுவது கஷ்டம். ஒரு செடி மட்டும் ஈரம் இருந்தும் பகலில் வாடி நின்றால், தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெள்ளை நூல் போல் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியை மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்துங்கள். நடவு செய்து இரண்டு மாதத்தில் ஓரச் செடி ஒன்றை மெதுவாகத் தூக்கி வேரைப் பாருங்கள். கசகசா போல் வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் நூற்புழு வந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த தடவை எதிர்ப்பு ரகம் மட்டும். அப்புறம், முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் உருளை வாசனையைக் கண்டுபிடித்துவிடும். தரையோடு இறுக்கிய வேலி இல்லாமல் நான் நடுவதே இல்லை.

உங்கள் தம்பி கோயம்புத்தூர் மாடியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே நின்றால் செடி வளரும், கிழங்கு இறங்காது. சமதளத்தில் அவருக்குக் கிடைப்பது ஐப்பசி நடவு ஒன்றுதான், மார்கழி தைக் குளிரில் கிழங்கு இறங்கும். முழு விதையாகப் போடச் சொல்லுங்கள், சூட்டு மண்ணில் வெட்டியது நிற்காது. நாற்பது லிட்டர் பையில் இரண்டு விதை, முதலில் பாதி மட்டும் மண், செடி வளர வளர மீதியை நிரப்ப வேண்டும். விதை மட்டும் நம் மலையிலிருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். 1971 தடை சாக்குமூட்டைக்கு மட்டும் என்று இல்லை, ஒரு பையில் போகிற புழுவும் அதே புழுதான்.

ஜோதி நூறு நூற்றிருபது நாளில் தழை மஞ்சளாகும். பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தழையை அறுத்துவிட்டு, தோல் கெட்டியான பிறகு தோண்டுங்கள். செடிக்கு 300 கிராமிலிருந்து அரைக் கிலோ வரை வந்தால் நல்ல விளைச்சல். அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரியதைச் சமைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய பொடியை விதைக்கு என்று ஒதுக்குகிறார்கள். அந்தப் பொடிக் கிழங்கில் பாதி நோயாளிச் செடிகள் பெற்றதாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தோட்டம் முழுக்க வைரஸ் ஏறுவது இப்படித்தான். பூக்கும் நேரத்தில், இலை சுருளாமல், தேமல் இல்லாமல், ஓங்கி நிற்கும் பத்துப் பதினைந்து செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அவற்றை மட்டும் தனியாகத் தோண்டி, அதிலிருந்து முட்டை அளவானதை எடுத்து, உலர்ந்த உண்ணிச்செடித் தழை பரப்பிய தட்டில் அடுக்கி, மேலேயும் தழை மூடி இருட்டில் வையுங்கள். அந்துப்பூச்சி அண்டாது. கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் தழையை விலக்கி, தட்டை வராந்தா வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.